தேளும் அட்டையும் மருந்தாகுமா? சீனப் பூச்சி மருந்துகளுக்கு உள்ள ஆதாரம்

2023 அக்டோபரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ‘ஜாமா’ இதழில் சீன ஆய்வு ஒன்று வெளியானது. மாரடைப்போடு மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கு வழக்கமான சிகிச்சையுடன் ‘டோங்சின்லுவோ’ என்ற காப்ஸ்யூலும் கொடுத்தபோது இதய மரணமும் இதயப் பாதிப்புகளும் குறைந்தன என்றது அந்த ஆய்வு. காப்ஸ்யூலுக்குள் தேள், பூரான், அட்டை, சில்வண்டு உரித்த தோல், கரப்பான் இனத்துப் பூச்சி ஒன்று ஆகியவற்றின் பொடியும் உண்டு. உலகின் முன்னணி மருத்துவ இதழ்களில் ஒன்று இதை வெளியிட்டதால், பூச்சி மருந்துகள் எல்லாமே நிரூபிக்கப்பட்டுவிட்டன என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். பூச்சி என்றதுமே கேலியாகப் பார்த்து ஆய்வைப் படிக்காமல் ஒதுக்கியவர்களும் உண்டு. ஆய்வு சொன்னது இந்த இரண்டில் எதுவும் இல்லை. என்ன சொன்னது என்று புரிய, கொஞ்சம் அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

எவை இந்தப் பூச்சி மருந்துகள்?

சீன மருந்து நூல்களில் ‘பூச்சி’ என்ற பிரிவு தாராளமானது. ஆறு கால் உள்ளவை மட்டுமல்ல. தேள், பூரான், அட்டை, மண்புழு எல்லாம் அதற்குள் அடங்கும். லி ஷிச்சென் 1578-ல் எழுதி முடித்து, அவர் இறந்தபின் 1596-ல் அச்சேறிய ‘பென்சாவ் காங்மு’ 1892 மருந்துப் பொருள்களை விவரிக்கிறது. அதில் இவற்றுக்கென்றே தனிப் பகுதி உண்டு. இன்னும் பழைய சான்றும் இருக்கிறது. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த சாங் சோங்சிங், உறைந்த இரத்தத்தை வெளியேற்ற அட்டையும் மாட்டு ஈயும் சேர்ந்த கஷாயத்தை எழுதிவைத்தார்.

இன்று புழக்கத்தில் உள்ள முக்கியமானவை:

1. அட்டை, தேள், பூரான்: இரத்த ஓட்டக் கோளாறு, பக்கவாதம், வலிப்பு, நாள்பட்ட வலி ஆகியவற்றுக்கு. பெரும்பாலும் காயவைத்துப் பொடித்துத் தருவார்கள்.
2. நிலக்கரப்பான்: மண்ணில் வாழும் கரப்பான் இனம். சிறகில்லாத பெண் பூச்சிதான் மருந்து. அடிபட்ட வீக்கம், எலும்பு முறிவு, இரத்தக்கட்டு ஆகியவற்றுக்கு.
3. வெண்பட்டுப்புழு: பூஞ்சை நோய் தாக்கி இறந்து, வெள்ளைச் சுண்ணாம்புபோல் விறைத்த பட்டுப்புழு. வலிப்புக்கும் தொண்டை நோய்க்கும்.
4. சில்வண்டுத் தோல்: காய்ச்சல், தோல் அரிப்பு, கம்மிய குரல். தோலை உரிக்கும் பூச்சி தோலுக்கு, ஓயாமல் கத்தும் பூச்சி குரலுக்கு என்ற ஒப்புமை இதில் வெளிப்படையாகவே தெரியும்.
5. கொப்புள வண்டு: கட்டிகளுக்கும் மருக்களுக்கும். இருப்பதிலேயே நச்சு மிகுந்தது.

இவற்றை ஒரே கோட்பாட்டின் கீழ் கொண்டுவந்தவர்களில் சிங் வம்ச காலத்து மருத்துவர் யே தியான்ஷி முக்கியமானவர். நோய் நாள்பட்டால் நுண்ணிய கிளை நாளங்களுக்குள் இறங்கிவிடும். வேரும் இலையும் அங்கே எட்டாது. ஊர்ந்து, துளைத்துப் போகும் உயிர்களே அங்கே போய் அடைப்பை நீக்கும் என்பது அவர் வழி. டோங்சின்லுவோவைத் தயாரிக்கும் யீலிங் நிறுவனத்தின் நிறுவனர் வூ யீலிங் இந்தக் கோட்பாட்டை வளர்த்துத்தான் தம் மருந்தை அமைத்தார். கோட்பாடு அழகாக இருக்கிறது என்பது மருந்து வேலை செய்கிறது என்பதற்குச் சான்றல்ல. அதேபோல, கோட்பாடு நம் காதுக்கு விசித்திரமாகப் படுவது மருந்து வேலை செய்யாது என்பதற்கும் சான்றல்ல. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

எந்தக் கேள்விக்கு ஆதாரம்?

‘ஆதாரம் இருக்கிறதா’ என்பது ஒரு கேள்விபோலத் தோன்றினாலும் உள்ளே நான்கு கேள்விகள் இருக்கின்றன.

1. அந்தப் பூச்சிக்குள் உடலில் மாற்றம் உண்டாக்கும் வேதிப்பொருள் ஏதாவது இருக்கிறதா?
2. இருந்தால், காயவைத்துப் பொடித்து வாயால் விழுங்கிய பிறகும் அது போதிய அளவில் இரத்தத்தை எட்டுகிறதா?
3. அதை எடுத்துக்கொண்ட நோயாளி, எடுத்துக்கொள்ளாத நோயாளியைவிட நலமாக இருக்கிறாரா?
4. அந்த நலன் பூச்சியால் வந்ததா, மருந்தில் கூட இருக்கும் மூலிகைகளால் வந்ததா?

செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் முதல் கேள்விக்கான பதிலோடு நின்றுவிடும். ‘தேள் நஞ்சில் புற்றுநோய்க்கு மருந்து’ என்ற வகைச் செய்திகள் அப்படிப்பட்டவை. நஞ்சு என்பதே உடலைத் தாக்கப் பரிணாமம் செதுக்கிய வேதிப்பொருள். அதில் செயல்திறன் இருப்பதில் வியப்பு ஒன்றுமில்லை. ஆய்வகத் தட்டில் புற்று செல்லைக் கொல்வதை ஆசிட்கூடச் செய்யும். சிக்கல் தொடங்குவது இரண்டாம் கேள்வியில்தான்.

அட்டையும் வயிறும்

அட்டைக் கதை இதைத் தெளிவாகக் காட்டும். 1884-ல் ஜான் ஹேகிராஃப்ட், மருத்துவ அட்டையின் உமிழ்நீரில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதைக் கண்டார். பின்னால் ‘ஹிருடின்’ என்று பெயர் பெற்ற அந்தப் புரதம், உறைதலை நடத்தும் த்ரோம்பின் என்ற நொதியை இறுகப் பற்றி முடக்கிவிடும். அதிலிருந்து பிறந்த லெபிருடின் என்ற மருந்து பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்தது. அதே வழியில் வடிவமைத்த பிவாலிருடின் இன்றும் ஆஞ்சியோபிளாஸ்டியின்போது பயன்படுகிறது. ஆக, முதல் கேள்விக்கு அட்டை முழு மதிப்பெண் வாங்கிவிட்டது.

ஆனால் இந்த மருந்துகள் எல்லாம் இரத்தக்குழாயில் போடும் ஊசி வழியாகத்தான் போகின்றன. ஹிருடின் ஒரு புரதம். விழுங்கினால், இரைப்பையும் சிறுகுடலும் அதை முட்டை வெள்ளைக்கருவைப்போல் துண்டாக்கிவிடும். சீன மருத்துவத்திலோ அட்டையைக் காயவைத்து, பல சமயம் சூடாக்கிப் பக்குவப்படுத்தி, பொடியாகவோ கஷாயமாகவோ உள்ளே தருகிறார்கள். ஊசி மருந்தின் வெற்றியை இந்தப் பொடிக்குச் சான்றாகக் காட்ட முடியாது. தேள், பூரான் ஆகியவற்றின் பெப்டைடு (சிறு புரத) நஞ்சுகளுக்கும் இதே தடை உண்டு.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. சீன மருந்தியல் கையேடு அனுமதிக்கும் மூன்று அட்டை இனங்களில், சந்தையில் அதிகம் கிடைப்பது விட்மேனியா பிக்ரா. அது இரத்தம் குடிப்பதே இல்லை. நத்தைகளைத் தின்று வாழ்கிறது. இரத்தம் குடிக்காத உயிருக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் உமிழ்நீர் எதற்கு? அதிலும் உறைதலைப் பாதிக்கும் வேறு சில பொருள்கள் இருப்பதாக ஆய்வகங்கள் சொல்கின்றன என்பது உண்மைதான். ஆனால் ‘அட்டை இரத்தம் குடிக்கும், ஆகவே இரத்தக்கட்டைக் கரைக்கும்’ என்ற வாதம் இந்த இனத்திடம் நிற்காது.

வயிற்றுத் தடையைத் தாண்டும் சிறு மூலக்கூறுகள், செரித்த புரதத்தின் துணுக்குகள், குடல் நுண்ணுயிரிகள் மீதான விளைவு என்று மாற்று விளக்கங்கள் சாத்தியம். அவை இன்னும் ஊகங்களாகவே இருக்கின்றன. எனவே இரண்டாம் கேள்வியில் தேங்கி நிற்பதைவிட, மூன்றாவதை நேரடியாகக் கேட்பது நியாயமானது. நோயாளி பிழைக்கிறாரா என்று தெரிந்தால், எப்படி என்பதைப் பிறகு தேடலாம்.

டோங்சின்லுவோ: எண்கள் சொல்வது

இந்த மருந்துக்குச் சீனா 1996-லேயே அனுமதி தந்துவிட்டது. பன்னிரண்டு சரக்குகள். ஐந்து மேலே சொன்ன உயிரினங்கள். மீதி ஏழும் செடி, மரங்களிலிருந்து வருபவை: ஜின்செங், பியோனி வேர், சந்தனம், டால்பெர்ஜியா மரத்தின் நடுக்கட்டை, குந்திரிக்கம், இலந்தை இனத்து விதை, பச்சைக் கற்பூரம்.

ஆய்வு நடந்த விதம் இது. சீனாவின் 124 மருத்துவமனைகளில், கடும் மாரடைப்பு ஏற்பட்டு 24 மணி நேரத்துக்குள் வந்தவர்களைச் சேர்த்தார்கள். யாருக்கு உண்மை மருந்து, யாருக்கு அதே தோற்றமுள்ள போலி மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இதைத்தான் இரட்டை மறைப்பு ஆய்வு என்கிறார்கள். இரு தரப்புக்கும் ஸ்டென்ட் உட்பட நவீன சிகிச்சை வழக்கம்போலவே நடந்தது. முடிவில் கணக்கில் வந்தவர்கள் 3,777 பேர்.

முப்பது நாளில் இதய மரணம், மறு மாரடைப்பு, அவசர இரத்தக்குழாய் சிகிச்சை, பக்கவாதம் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள்: போலி மருந்துத் தரப்பில் 5.2 சதவீதம், டோங்சின்லுவோ தரப்பில் 3.4 சதவீதம். ‘36 சதவீதம் குறைந்தது’ என்று தலைப்புப் போட்டால் அது பொய்யல்ல. ஆனால் நேர்க் கணக்கில் வேறுபாடு 1.8 சதவீதப் புள்ளிதான். அதாவது சுமார் 56 பேருக்கு மருந்து கொடுத்தால் ஒருவருக்கு அந்த விபரீதம் தவிர்க்கப்படுகிறது. இதய மருத்துவத்தில் இது சின்ன எண் இல்லை. நாம் சாதாரணமாக ஏற்றுக்கொண்ட பல மருந்துகள் இதைவிடக் குறைவாகத்தான் தருகின்றன. ஓராண்டு முடிவில் 8.3-க்கு எதிராக 5.3 என்று இடைவெளி நீடித்தது.

மறுபக்கம்: எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த ஓராண்டு மரணங்களை எடுத்தால், இரு தரப்புக்கும் புள்ளியியல் நோக்கில் வேறுபாடு இல்லை. ஸ்டென்ட்டில் இரத்தம் உறைவதிலும் வேறுபாடு இல்லை. அட்டையின் பெயரால் வரும் மருந்து, உறைதல் சார்ந்த விளைவில் எதையும் காட்டாமல் வேறு எங்கோ நன்மை காட்டுகிறது என்பது யோசிக்க வைக்கிறது. இரத்தக்கசிவு கூடவில்லை. பக்க விளைவுகள் 2.1 சதவீதம் பேருக்கு. போலி மருந்தில் 1.1. பெரும்பாலும் வயிற்றுத் தொல்லைகள்.

என் கணிப்பில் இது மதிக்க வேண்டிய ஆய்வு. எதிர்பாராத அளவுக்குப் பெரிய நன்மையைக் காட்டும் எந்த ஒற்றை ஆய்வையும்போல, இதையும் வேறு நாட்டில், தயாரிப்பாளரோடு தொடர்பில்லாத குழு ஒன்று திரும்பச் செய்து பார்க்கும்வரை கை நிறைய நம்பிக்கை வைக்க முடியாது. காப்ஸ்யூல் முழுவதைப் பற்றியும்தான் அது பேசுகிறது. தேளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் கேள்வியை அது கேட்கவே இல்லை.

அதே அட்டை, அதே தேள், வேறு முடிவு

டோங்சின்லுவோ பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இன்னொரு ஆய்வு இருக்கிறது. ‘நியூரோஎய்ட்’ என்ற பெயரில் விற்ற, எம்.எல்.சி.601 என்று குறிப்பிடப்படும் சீனக் கூட்டு மருந்தில் ஒன்பது மூலிகைகளும், அட்டை, நிலக்கரப்பான், தேள் உள்ளிட்ட ஐந்து விலங்குச் சரக்குகளும் இருந்தன. பக்கவாத நோயாளிகளுக்கான இதன் ‘சைம்ஸ்’ ஆய்வு சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், இலங்கை உள்ளிட்ட ஆசிய நாடுகளில் சுமார் 1,100 பேரிடம், இரட்டை மறைப்பு முறையில் நடந்தது. 2013-ல் வந்த முடிவு: மூன்று மாதத்தில் நோயாளிகளின் செயல்திறனில், போலி மருந்தோடு ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பின்னால் நீண்ட நாள் தொடர்ந்து கவனித்ததில் சில கட்டங்களில் நன்மை தெரிந்ததாக எழுதினார்கள். ஆனால் தொடங்கும்போதே நிர்ணயித்த முதன்மைக் கேள்விக்கு விடை ‘இல்லை’தான்.

நோய் வேறு, அளவு வேறு, கூட்டுச் சரக்கும் வேறு. ஆகவே ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது. ஆனால் ‘அட்டையும் தேளும் இருந்தால் அடைப்பு நீங்கும்’ என்ற பொது விதிக்கு இது நல்லதல்ல. அந்த நிறுவனம் அடுத்து கொண்டுவந்த எம்.எல்.சி.901 என்ற வடிவத்தில் விலங்குச் சரக்குகளையே எடுத்துவிட்டார்கள். ஒன்பது மூலிகை மட்டும். விற்பவர்களே பூச்சி இல்லாமல் மருந்து நிற்கும் என்று நம்பியிருக்கிறார்கள்.

சிறு ஆய்வுகளின் மலை

மற்ற பூச்சி மருந்துகளுக்கு ஆய்வே இல்லையா? நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சிக்கல் அவற்றின் தரத்தில்.

கரப்பானையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கரப்பானின் சாற்றிலிருந்து செய்யும் ‘காங்ஃபூசின்’ திரவம் சீன மருத்துவமனைகளில் புண்ணுக்கும் இரைப்பைக் குடல்புண்ணுக்கும் சாதாரணமாக எழுதித் தரும் மருந்து. சிச்சுவானின் சிசாங் நகரில் இதற்கென ஆண்டுக்கு 600 கோடிக் கரப்பான்கள் வளர்ப்பதாக 2018-ல் ‘சவுத் சைனா மார்னிங் போஸ்ட்’ எழுதியது. அந்த ஒரு எண்தான் உலகம் முழுக்கச் செய்தியானது. மருந்தின் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே வடிவம்: வழக்கமான மருந்து ஒரு தரப்புக்கு, வழக்கமான மருந்தோடு காங்ஃபூசினும் இன்னொரு தரப்புக்கு, போலி மருந்து இல்லை, மறைப்பு இல்லை, எண்ணிக்கை சில பத்துகள். கூடுதலாக ஒன்று கிடைக்கிறது என்று தெரிந்தவர் ‘பரவாயில்லை’ என்று சொல்லத்தான் செய்வார்.

இது கரப்பானுக்கு மட்டும் உரிய குறை அல்ல. 1998-ல் வந்த ஓர் அலசல், அக்காலத்தில் சீனாவிலிருந்து வெளியான மருத்துவச் சோதனைகளில் ஏறக்குறைய எல்லாமே சாதகமான முடிவையே காட்டின என்று கணக்கிட்டது. எந்த மருத்துவத்துக்கும் இயற்கையில் அப்படி ஒரு வெற்றி விகிதம் கிடையாது. தோல்விகள் அச்சேறவில்லை என்பதுதான் பொருள். 2009-ல் சீன ஆய்வாளர்களே செய்த இன்னொரு சோதனை இன்னும் கடுமையானது. குலுக்கல் முறை என்று தம்மை அழைத்துக்கொண்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளில், ஆசிரியர்களோடு பேச முடிந்த 2,235-ஐ விசாரித்ததில், உண்மையிலேயே குலுக்கல் நடந்ததாக ஏற்கக்கூடியவை 207 மட்டும். இப்படிப்பட்ட ஆய்வுகளை ஐம்பது, நூறு என்று கூட்டி ‘மொத்தத்தில் பலன் உண்டு’ என்று வரும் தொகுப்பாய்வுகள் தவற்றையும் சேர்த்தே கூட்டுகின்றன.

புழுவுக்குள் பூஞ்சை வளர்ந்து, திபெத் பீடபூமியில் கிடைக்கும் யார்சா கும்புவின் கதையும் கிட்டத்தட்ட இதுவே. நாள்பட்ட சிறுநீரக நோயில் இதன் பயனை 2014-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அலசியது: 22 ஆய்வுகள், 1,746 பேர், சில இரத்தப் பரிசோதனை அளவுகள் மேம்பட்டன, ஆதாரத்தின் தரம் தாழ்வு. 2016-ல் சீன மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இதில் ஆர்செனிக் அளவு ஆரோக்கிய உணவுகளுக்கான வரம்பைவிட நான்கு மடங்குக்கு மேல் இருப்பதாக எச்சரித்தது. சிறுநீரக நோயாளிக்குக் கொடுக்கும் பொருளில் இது.

நன்றாகத் தேறிய ஒரு வண்டு

கொப்புள வண்டின் நிலை வேறு. அதில் உள்ள காந்தாரிடின் தோலில் பட்டால், மேல்தோல் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் கண்ணிகள் அறுந்து கொப்புளம் எழும். கொப்புளத்தோடு மருவும் உரிந்துவிடும். சீன மருத்துவர்கள் இந்த வண்டை மருவுக்கும் கட்டிக்கும் பயன்படுத்தியது வெற்று நம்பிக்கை அல்ல. 0.7 சதவீதக் காந்தாரிடின் கொண்ட பூச்சு மருந்தை, குழந்தைகளுக்கு அதிகம் வரும் மொலஸ்கம் என்ற வைரஸ் பருவுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023 ஜூலையில் அனுமதித்தது. இரண்டு ஆய்வுகளில் 46, 54 சதவீதம் பேருக்குப் பருக்கள் முழுதாக மறைந்தன. போலிப் பூச்சில் 18, 13 சதவீதம்.

இங்கே நான்கு கேள்விகளுக்கும் நேரான விடை கிடைத்ததற்குக் காரணம் எளியது. மூலக்கூறு ஒன்று, அதன் அளவு தெரியும், வயிற்றைத் தாண்ட வேண்டியதில்லை, கூட மூலிகை இல்லை. அதே வண்டை உள்ளே சாப்பிட்டால் கதை தலைகீழ். வாயிலிருந்து சிறுநீர்ப்பை வரை புண்ணாக்கி, சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். சில பத்து மில்லிகிராம் காந்தாரிடினே உயிரைக் குடிக்கலாம். 1988-ல் சீன அரசு கட்டுப்பாட்டில் வைத்த 28 நச்சுச் சரக்குகளில் இந்த வண்டும் ஒன்று. புற்றுநோய்க்கு இதை உட்கொள்ளத் தருவதும், இதன் சாறு கலந்த ஊசிகளும் சீனாவில் இன்றும் உண்டு. அந்தப் பயன்பாட்டுக்குப் பூச்சு மருந்தின் சான்று செல்லாது.

வாங்கிச் சாப்பிடலாமா?

இணையத்தில் தேள் பொடியும் அட்டைக் காப்ஸ்யூலும் கிடைப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1. டோங்சின்லுவோ ஆய்வில் இருந்தவர்கள் மாரடைப்பு வந்த சில மணி நேரத்தில், மருத்துவமனையில், முழு நவீன சிகிச்சைக்கு மேல் கூடுதலாக மருந்தை எடுத்தவர்கள். ‘மாரடைப்பு வராமல் தடுக்க’ என்று ஆரோக்கியமானவர் சாப்பிடுவதற்கு அந்த ஆய்வில் எந்த விடையும் இல்லை.
2. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றை எடுப்பவர்கள் இதய மருத்துவரிடம் சொல்லாமல் அட்டை சேர்ந்த எதையும் தொடக் கூடாது.
3. இறால், நண்டு, வீட்டுத் தூசி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூச்சிப் பொடியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஒவ்வாமையைத் தூண்டும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் இவற்றில் பொதுவானது.
4. காயவைத்த பூச்சியில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு சேரும். சீன மருந்தியல் கையேடு தேள், பூரான், அட்டை, வெண்பட்டுப்புழுவுக்கு இதற்கென வரம்பு வைத்திருக்கிறது. பெயரில்லாத பொட்டலத்தில் யாரும் அதைச் சோதித்திருக்க மாட்டார்கள்.
5. பச்சையாகச் சாப்பிடுவது பாரம்பரியமும் அல்ல. குவாங்சோவில் சந்தையில் வாங்கிய பூரானைப் பச்சையாகத் தின்ற தாய்க்கும் மகனுக்கும், அதிலிருந்த உருளைப்புழுவால் மூளை உறை அழற்சி வந்ததை மருத்துவர்கள் 2018-ல் பதிவு செய்தார்கள்.

நடக்க வேண்டிய சோதனை

நான்காம் கேள்விக்கு விடை காண்பது தொழில்நுட்ப அளவில் கடினமே அல்ல. மாரடைப்பு நோயாளிகளை மூன்று தரப்பாகப் பிரிக்க வேண்டும்: பன்னிரண்டு சரக்கும் சேர்ந்த காப்ஸ்யூல் ஒரு தரப்புக்கு, ஏழு தாவரச் சரக்கு மட்டும் கொண்டது இன்னொன்றுக்கு, போலி மருந்து மூன்றாவதுக்கு. பச்சைக் கற்பூரமும் சந்தனமும் மணக்கும் காப்ஸ்யூல் என்பதால் போலி மருந்துக்கும் அதே மணத்தை ஏற்றியாக வேண்டும்; இல்லாவிட்டால் மறைப்பு மூக்கிலேயே கலைந்துவிடும். இரண்டு செயல் மருந்துகளுக்கு இடையிலான சிறு வேறுபாட்டைப் பிடிக்க 3,777 பேர் போதாது. இன்னும் பல மடங்கு தேவைப்படும்.

செலவு அங்கேதான் இடிக்கிறது. காப்ஸ்யூலை விற்கும் நிறுவனத்துக்கு, தன் சூத்திரத்தில் பாதி தேவையில்லை என்று வரக்கூடிய ஆய்வுக்குப் பணம் போட எந்த அவசியமும் இல்லை. மூலக்கூறு ஒன்றைப் பிரித்துக் காப்புரிமை பெற நினைக்கும் நிறுவனத்துக்குக் கூட்டு மருந்தில் அக்கறை இல்லை. மிஞ்சுவது அரசு நிதி. டோங்சின்லுவோ ஆய்வுக்கு 124 மருத்துவமனைகளைத் திரட்ட முடிந்த சீனாவில், அந்த வலைப்பின்னல் ஏற்கெனவே இருக்கிறது.